முழு டோஸ்

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு புராஸ்டேட்டில் புற்றுநோய். கதிர்வீச்சுக்கு முன் நிறைய தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அலட்சியமாகச் சிரித்தார். நெரிசலில் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்க முடியாத தொழில் அவருடையது. அடக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு போன வாரம் சிகிச்சை மேஜை மேலேயே நனைந்துபோனது. துடைக்க வந்த டெக்னீஷியன் அவர் மகளைவிடச் சின்னவள். "பரவாயில்லைங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றாள். அவள் அவ்வளவு அன்பாகச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பாட்டில் தண்ணீர் காத்திருக்கும் அறையின் பூந்தொட்டிக்குப் போனது. வாடிக் கிடந்த செடி நிமிர்ந்து நின்றது.

ஸ்கேனில் குட்டு உடைந்தது. "மூத்திரப்பை காலியா இருக்கே. குடிச்சீங்களா?"

"வயிறு முட்டக் குடிச்சேன்மா."

டெக்னீஷியன் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பை நிறைஞ்சாத்தான் கதிர் படாம மேல ஒதுங்கும். இப்படியே வந்தா டோஸைக் குறைக்கணும். குறைச்சா நோய் திரும்பி வர்ற வாய்ப்பு கூடும். நாளைக்குப் பாத்து முடிவு பண்றேன்."

"செடிக்கு என்ன வியாதின்னு ஊத்துனீங்க?" என்றாள் துணைக்கு வந்திருந்த மனைவி, வெளியே வந்ததும் தொட்டியின் ஈரத்தைப் பார்த்து.

"மறுபடி அந்தப் பொண்ணு முன்னாடி… பயமா இருக்கு."

"செத்துருவோம்னு பயமா இல்லையா?"

"அதைவிட இதுதான் பெருசாத் தெரியுது."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு பாட்டில் எடுத்து வந்தாள். "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. நீங்க முடிச்சு வர்ற வரைக்கும் நானும் போகமாட்டேன்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"குடிங்க."

மேஜையில் படுத்ததும் அவருக்கு அவள் கவலைதான். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று தேடுகிறவள். அவள் அங்கே தாக்குப்பிடிக்கும்போது, தான் இங்கே கைவிடுவது நியாயமில்லை என்று பல்லைக் கடித்தார். இயந்திரம் ஆற அமரச் சுற்றியது.

"பை நல்லா நிறைஞ்சிருக்கு. டாக்டர் டோஸைக் குறைக்க வேண்டாம்னுட்டாரு. இன்னிக்கு முழுசாக் குடுத்தாச்சு" என்றாள் டெக்னீஷியன்.

வெளியே மனைவி சுவரைப் பிடித்து நின்றிருந்தாள். "குறைக்கலையே?"

"இல்லை."

கையிலிருந்த பையை அவரிடம் திணித்துவிட்டு ஓடினாள். அவர் பையைத் திறந்து பார்த்தார். அவருடைய மாற்று பேன்ட்டுக்கு அடியில் அவளுடைய மாற்றுத் துணியையும் மடித்து வைத்திருந்தாள். அவள் நுழைந்த கழிப்பறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். தனக்கும் அவசரம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.