புருஷன் பங்கு மருந்து

"மூக்கப் புட்ச்சிகினு ஒரே மூச்சா குட்ச்சிடு. வாந்தி கீந்தி எடுத்தே, தோலை உரிச்சிடுவேன்."

மாமியார் வேம்புலியம்மாள் நீட்டிய டம்ளரை அங்கம்மா வாங்கிக்கொண்டாள். பிள்ளை வரத்துக்கான மலைவேம்புச் சாறு. வீட்டுக்கு விலக்கான நாட்களில், வெறும் வயிற்றில், கொல்லைப்புறத்தில் நின்று குடிக்க வேண்டும். மாமியார் தழை பறிக்கத் தெருக்கோடிக்குப் போகும்போதே இந்த மாதமும் ஒன்றுமில்லை என்று கோவில்பதாகை ஊருக்கே தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சாறு தொண்டையில் இறங்குவதற்குள் அடுத்த டம்ளர் வந்தது. கறுப்பாக ஒரு கஷாயம். அதைக் குடித்தால் நெஞ்சு படபடக்கும், தூக்கம் போய்விடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவள் புருஷன் உத்தமன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். ஆண்பிள்ளைச் சிங்கம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படபடப்பு தாங்காமல் ஒருநாள் அவள் தனியாகப் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினாள். மாமியாரிடம் மருந்து கொடுத்தனுப்பிய துலுக்கானம் வைத்தியர் நாடி பிடித்ததுமே முகம் சுளித்தார்.

"இன்னாம்மா சாப்புட்றே?"

"நீங்க குட்த்ததுதான் ஐயா. தழைச்சாறு, அப்பறம் அந்தக் கறுப்புக் கஷாயம்."

"அடப்பாவமே! கஷாயம் உம் புருசனுக்கும்மா. கொறை அவன்கிட்டயும் இருக்கலாம், ரெண்டு பேரும் சாப்புடணும்னு உம் மாமியாருக்குப் படிச்சிப் படிச்சி சொன்னேனே."

மாமியாருக்குக் கவனப் பிசகு, மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் அங்கம்மா நினைத்தாள். பைத்தியக்காரி. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது வேம்புலியம்மாள் அசரவே இல்லை.

"எனக்குத் தெரியாதாடீ? ஆம்பளைக்கு மருந்து காச்சறது வெளிய தெரிஞ்சா எம் புள்ளைய இன்னான்னு கூப்புடுவாங்க? பொண்டாட்டி குட்ச்சா அவனுக்கும் சேத்துதான்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த உத்தமனின் கை நிற்கவில்லை. அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாளும் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். எந்தக் கஷாயமும் அங்கம்மாவுக்கு அப்படிக் கசந்ததில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"இனிமே நான் குடிக்க மாட்டேன் அத்தே. மொதல்ல அவரு பங்க அவரு குடிக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தைதான் அவள் செய்த குற்றம். மருந்தை மறுத்தவளுக்குப் பிள்ளை வேண்டாமாம். வம்சம் விளங்க உத்தமனுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைக்க வேண்டுமாம். நசரத்பேட்டையில் பெண் பார்த்தாயிற்று. பெண்ணின் தாய் கன்னியம்மாள், புருஷனில்லாதவள், மூன்று பெண்களைப் பெற்றவள், மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துப்போக வந்தாள். அவளுக்குக் காபி கொடுக்கவும் அங்கம்மாதான்.

காபியை வைத்துவிட்டு அவள் உள்ளே போகவில்லை. மாமியார் கண்ணால் அதட்டியும் அசையவில்லை.

"அம்மா, நான் வயித்தெரிச்சல்ல சொல்லல. எங்கிட்டதான் கொறைன்னு வைத்தியரு சொல்லல. இவருக்குத் தந்த மருந்தையும் என் வாயிலதான் ஊத்துனாங்க. நாளைக்கு உங்க பொண்ணு வாயிலயும் ஊத்துவாங்க. நல்லா ரோசனை பண்ணிக்குங்க."

வேம்புலியம்மாளின் முகம் வெளிறியது. உத்தமன் தரையைப் பார்த்தான். இந்தச் சம்பந்தம் இதோடு முறிந்தது, யாரோ ஒரு பெண்ணாவது தப்பித்தாள் என்று அங்கம்மாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

கன்னியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உத்தமனையும் பார்த்தாள். நகை கேட்காத மாப்பிள்ளை, மாசச் சம்பளக்காரன். பிறகு காபியை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"அதுக்கின்னாம்மா? எம் பொண்ணுக்கு வாய் கெடியாது," என்றாள். "எத்தக் குட்த்தாலும் குட்ச்சிடுவா."