ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை

அந்த வருஷம் மான் வேட்டைக்குக் காட்டுக்குப் போகிற யோகம் தனக்கில்லை என்று வெண்டலுக்கு ஜூலையிலேயே தெரிந்துபோயிற்று. நுரையீரல் காலை வாரிவிட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் உர்ரென்று ஓடுகிற ஆக்ஸிஜன் பெட்டி, அதை விட்டு நாலு எட்டு வைத்தால் உதடு நீலம் பாரித்துவிடும். டாக்டர் அவன் மனைவி ஆர்லீனைத் தனியாகக் கூப்பிட்டு, "பனி விழறதைப் பாத்தாருன்னா அதிர்ஷ்டம்" என்றார். அதைத் தனியாகச் சொல்லி என்ன பிரயோஜனம்? காரில் ஏறி உட்காருவதற்குள் வெண்டல் அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"சுடணும்னுகூட இல்ல ஆர்லீன்," என்றான் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது. "நாம விதைச்சதை ஒரு மான் வந்து திங்கறதை இன்னொரு தடவை பாத்துட்டா போதும். ஜன்னல்லேர்ந்து பாத்தாலும் சரி."

விஸ்கான்சினின் அந்த வடக்கு மூலையில் இதைப் பெரிய ஆசை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெண்டல் வருஷா வருஷம் காட்டுக்கு நடுவே, வேட்டைக்கு மான்களை இழுக்கவென்று சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் பயிர் போட்டவன். அது அவனுடைய சாம்ராஜ்யம். சாண்ட்விச் கட்டிக் கொடுப்பதோடு ஆர்லீன் வேலை முடிந்தது. இப்போது திடீரென்று மகாராணி பட்டம் அவள் தலையில் வந்து விழுந்தது.

டிராக்டர் வைத்து உழுகிற ஆள் இல்லை வெண்டல். மண்ணைக் கிளறினால் அடியில் தூங்குகிற களை விதையெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் என்பான். நிற்கிற களைமேல் மருந்தடி, வாடுகிற களைக்கு நடுவிலேயே விதையைத் தூவு, பிறகு அந்தக் களையை அரிந்து விதைக்குமேல் போர்வையாகப் போடு, மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் அவன் விவசாயம். முதுகில் மாட்டுகிற தெளிப்பான், மார்பில் தொங்கவிட்டுக் கையால் சுற்றுகிற விதைப்பெட்டி, நீளப்பிடி அரிவாள், இலை வாருகிற வாரி, இவை போதும்.

வீட்டுக்குப் பின்னால் சரிவு முடிகிற இடத்தில் ஒரு துண்டு நிலம். ஜன்னலிலிருந்து தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

"சாதா களைமருந்து வாங்கு. அவ்ளோதான்," என்று சொல்லி அனுப்பினான்.

கடையில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒரே நிறம், ஒரே வாடின பூப்படம். ஒன்றில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: 'ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.' பெயின்ட் வாங்கினாலும் பாத்திரம் வாங்கினாலும் ரொம்ப நாள் உழைப்பதைப் பார்த்து எடுப்பவள் ஆர்லீன். சாகப்போகிற புருஷனுக்குச் செய்கிற காரியத்தில் மட்டமான சரக்கா வாங்குவாள்? கவலையில்லாத கேனைத்தான் எடுத்தாள்.

மருந்தடித்து, களை வாடத் தொடங்கியதும் விதைத்தாள். அன்றைக்கு நல்ல கூத்து. அவள் கீழே வெண்டலின் தொளதொள ஆரஞ்சு வேட்டைச் சட்டையில், அவன் மேலே ஜன்னலோரம் நாற்காலியில், இருவர் காதிலும் போன்.

"ஏய், அவ்ளோ வேகமா சுத்தாத. கோழிக்கா தீனி போடற?"

"நீயே வந்து சுத்தேன், மகாராஜா."

"வரேன். இந்த ஆக்ஸிஜன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நீ முன்னால நட."

ரை தானியமும் டர்னிப் கிழங்கும் க்ளோவர் தழையும் கலந்த விதை. தூவி, களையை அரிந்து போட்டு, அதன்மேல் நடந்து நடந்து மிதித்தாள். மறுநாளே மழையும் வந்தது. அடாடா, எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ஒன்றும் முளைக்கவில்லை. தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்க் குனிந்து பார்த்தாள். காய்ந்த களையை விலக்கினால் விதை போட்டது போட்டபடி கிடந்தது. இன்னொரு மழை பெய்தது. அப்போதும் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை.

கடைசியில் பக்கத்து நிலத்து ராலியைக் கூப்பிட்டுக் காட்டினாள். ராலி மண்ணைப் பார்த்தான், அவள் போனில் எடுத்து வைத்திருந்த கேன் படத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"இது கார் நிறுத்தற இடத்துல ஜல்லிக்கு நடுவுல புல் மொளைக்காம இருக்க அடிக்கிற மருந்து ஆர்லீன். மண்ணுலயே தங்கிடும். அடுத்த கோடை வரைக்கும் இதுல ஒண்ணும் வராது."

அடுத்த கோடையா? ஆர்லீனிடம் இருந்தது ஒரு அக்டோபர். அதிலும் பாதி போயிருந்தது.

"அவன்கிட்ட சொல்லிடாத," என்றாள்.

"நான் எதுக்குச் சொல்றேன்? வண்டியில ஒரு மூட்டை மக்காச்சோளம் கெடக்கு. கொட்டிப் பாரு. மான் வந்தா சரிதானே?"

அங்கேதான் சிக்கல். அந்த வட்டாரத்தில் மான்கள் மெலிந்து தள்ளாடிச் சாகிற நோய் வந்ததிலிருந்து தீனியைக் குவித்துக் கொட்டக்கூடாது என்று சட்டம். ஒரே குவியலில் எல்லா மானும் வாய் வைத்தால் எச்சிலில் நோய் பரவும். சட்டம் வருவதற்கு முன்பே வெண்டலுக்கு அது ஆகாது. "ஒரே கிண்ணத்துல ஊரே எச்சில் பண்ணித் தின்னுவீங்களாடா?" என்று கூட்டாளிகளிடம் கத்தியிருக்கிறான். விதைக்கிறவன் ஒரு ஜாதி, கொட்டுகிறவன் ஒரு ஜாதி என்று கல்யாணமான நாளாகக் கேட்டுக் கேட்டு ஆர்லீன் காது புளித்திருந்தது.

இருந்தும் மூட்டையை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள்.

"மொளைச்சிருச்சு வெண்டல்," என்றாள் அன்றைக்குச் சாயங்காலம். "சருகுக்கு அடியில இருக்கு. இங்கேர்ந்து தெரியாது."

"அப்படியா," என்றான். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

இருட்டு விலகும் முன்னே போய், நிலத்து நடுவில் பள்ளமான இடமாகப் பார்த்துச் சோளத்தைக் கொட்டிவிட்டு வந்தாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலை அவள் முட்டை பொரித்துக்கொண்டிருக்கும்போது, "ஆர்லீன், வா," என்று மெல்லக் கூப்பிட்டான்.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். ஒரு பெட்டை மான், கூடவே அந்த வருஷத்துக் குட்டி. வெண்டல் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தான். அவள் மானைப் பார்க்கவே இல்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்து சின்னப் பையன் மாதிரி இருந்தான். இதற்குத்தானே இத்தனை பாடும், பொய்யும்.

கொஞ்ச நேரத்தில் அந்த முகம் சுருங்கிற்று. பைனாகுலரை இறக்கினான்.

"அது காலை மாத்தல."

"என்னது?"

"பயிர் மேயற மான் ஒரு வாய் கடிக்கும், ஒரு எட்டு வைக்கும். நடந்துக்கிட்டேதான் திங்கும். இது வந்ததுலேர்ந்து ஒரே எடத்துல நிக்குது." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "சோளமா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அள்ளிடு ஆர்லீன்."

"தின்னுட்டுப் போகட்டுமே. ஒரு தடவைதானே."

"குட்டியும் வாய் வைக்குது பாரு. அள்ளிடு."

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கேன் விஷயம், ராலி விஷயம், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"தெரியும்," என்றான் முடிவில்.

"என்ன தெரியும்?"

"மருந்து அடிச்சிட்டு கேனை ஜன்னலுக்குக் கீழதான் போட்ட. பைனாகுலர்ல படிச்சேன்."

"விதைக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா. அன்னைக்கு நீ பாடிக்கிட்டே காப்பி போட்ட. எனக்குச் சொல்ல மனசு வரல."

"அப்ப தெனம் ரெண்டு வேளை நான் பைத்தியக்காரி மாதிரி போய்க் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு வந்தேனே, அதை வேடிக்கை பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமா," என்றான். "எனக்கு வேற என்ன இருக்கு பாக்க? அந்த ஆரஞ்சு சட்டையில நீ போறதும் வர்றதும். மானைவிட அது நல்லாத்தான் இருந்துச்சு."

இதற்கு அழுவதா, அறைவதா? ஆர்லீன் இரண்டையும் செய்யவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, வாளியும் வாரியுமாகப் படீரென்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பாக்கட்டும், ஆசை தீர என் முதுகைப் பாக்கட்டும் என்று ஜன்னலுக்கு முதுகு காட்டியே நின்று வாரினாள். வேண்டுமென்றேதான். மானும் குட்டியும் ரொம்ப தூரம் ஓடாமல் மர ஓரத்தில் நின்று பார்த்தன.

சருகுக்குள் போன சோளம் வாரியில் வரவில்லை. மண்டியிட்டுக் கையால் பொறுக்கினாள். பொறுக்கப் பொறுக்கக் கோபம் கரைந்தது. முதலில் முட்டாள் என்று திட்டினாள், அவனையா தன்னையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பிறகு சிரிப்பு வந்தது. பைனாகுலரில் கேனைப் படிக்கிற மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறாளே. உள்ளே போனதும் என்ன சொல்லி அவன் காலை வாரலாம் என்று யோசித்துக்கொண்டே வாளியைத் தூக்கித் திரும்பினாள்.

ஜன்னலில் அவன் இந்தப் பக்கம் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தான். கையை உயர்த்தி ஆட்டினாள். அவன் ஆட்டவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆரஞ்சு கைகள் தொங்கத் தொங்க இரண்டு கையையும் ஆட்டினாள். கண்ணாடியில் வெயில் அடிக்கிறது, தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாதிச் சரிவு வரைக்கும் ஆட்டிக்கொண்டேதான் ஏறினாள்.

உயிர் எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்கள், கடைசியில் உன்னைப் பார்த்துக்கொண்டேதானே போனான், அதைவிட என்ன வேண்டும் என்று தேற்றினார்கள். ஆர்லீன் தலையை ஆட்டி மறுத்தாள்.

"ஒரே ஒரு தடவை திரும்பியிருக்கலாம்," என்றாள். "முதுகையில்ல காட்டிட்டேன்."