சத்தம் திரும்பாத அறை

கலந்தரின் மெத்தைக் கடையில் ஆனந்தவல்லி ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "பேசுங்க" என்றாள். துரைக்கண்ணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மெத்தைத் துண்டோடு பேசச் சொன்னால் யாருக்குத்தான் வராது? வலங்கைமான் கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"என்னத்தடி பேசுறது?"

"இப்பப் பேசுனீங்கல்ல, அதான். இன்னொருக்கா."

விஷயம் இதுதான். துரைக்கண்ணுவின் தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். மாசி பிறந்ததும் ஆபரேஷன். அப்புறம் மூச்சு கழுத்தில் போடும் ஓட்டை வழியாகப் போய்வரும், பேச்சு வராது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ரெத்தினம்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். அப்பாவின் குரலை முன்கூட்டியே பதிந்து அனுப்பினால், பிற்பாடு அவர் எழுதுவதையெல்லாம் போன் அவர் குரலிலேயே பேசுமாம். ஆனால் பதிவு சுத்தமாக இருக்கவேண்டும். வீட்டில் பதிந்து அனுப்பிய மாதிரியைக் கேட்டுவிட்டு, "கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கும்மா" என்றான். இருக்காமல் என்ன செய்யும்? அவன் அனுப்பிய காசில் கட்டிய வீடு. தரையில் டைல்ஸ், சுவரிலும் பாதி உயரத்துக்கு டைல்ஸ். ஒருவர் தும்மினால் வீடே திரும்பத் தும்மும். அந்த எதிரொலியை வாங்கிக்கொள்ள ஓர் அறைச் சுவருக்காவது எதையாவது போர்த்தியாகவேண்டும்.

அந்தக் குரலோ லேசுப்பட்ட குரலில்லை. இப்போது கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து துரைக்கண்ணு ஓர் அதட்டல் போட்டால் அந்தக் கரையில் திருட்டுத்தனமாக மடை வெட்டுகிறவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிற்பான். காவிரித் தண்ணீருக்கு நடந்த மறியலில் மைக் கட்டாமலே கடைசி வரிசைக்குக் கேட்ட தொண்டை. இரண்டு கட்சி மேடையிலும் முழங்கியிருக்கிறார். கொஞ்ச வருஷம் அந்தக் கரை வேட்டி, கொஞ்ச வருஷம் இந்தக் கரை வேட்டி. கேட்டால், "எவன் தண்ணி விடுறானோ அவன்தான் நம்ம கட்சி" என்பார். புறவழிச் சாலைக்கு நிலம் அளந்து கல் நட வந்தவர்களை வரப்பிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பியதும் அதே குரல்தான். நிலம் பறிபோகிற குடும்பங்கள் ஊரில் எத்தனையோ. எல்லோரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். வாயைத் திறந்தது அவர் ஒருவர்தான். அந்தக் குரல் போய்விட்டால் நிலமும் போய்விடும் என்று ஆனந்தவல்லிக்கு ஒரு பயம். புருஷன் பிழைக்கவேண்டும், குரலும் பிழைக்கவேண்டும். பேராசைதான், என்ன செய்ய?

கலந்தர் துரைக்கண்ணுவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பிறகு சவுதி தம்மாமில் ஏசிக் குழாய்களுக்கு ராக்வுல் என்கிற கல்லுக் கம்பளி சுற்றும் வேலை பார்த்துவிட்டு வந்து மெத்தைக் கடை போட்டவர். அதனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வதற்கு ஒரு மதிப்பு இருந்தது.

"முட்ட அட்டையெல்லாம் ஒட்டாத தங்கச்சி, தண்டம். தெர்மாகோலும் வேணாம். சத்தம் உள்ள பூந்து அலைஞ்சு களைச்சுப் போவணும். அதுக்கு நாரு வேணும், பஞ்சு வேணும். அங்க நாங்க சுத்துன ராக்வுல்லுன்னா ஒண்ணாம் நம்பரு. ஆனா அதுலேர்ந்து கொட்டுற தூசி மாப்ளே தொண்டைக்கு ஆவாது."

தூசி என்றதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டு அதை ஒதுக்கினாள்.

"வைக்கோலத் திணிச்சா என்ன?" என்றார் துரைக்கண்ணு.

"எலி வரும். உங்க பேச்சக் கேக்க எலிதான் பாக்கி" என்றாள் ஆனந்தவல்லி.

கடைசியில் மெத்தைக்கு அடியில் வைக்கும் தென்னை நார்த் தகடும், அதன்மேல் தைத்துப் போட இலவம்பஞ்சும் முடிவாயின. அவற்றின் முன்னால் பேசும்போதுதான் அவருடைய குரல் அக்கம்பக்கம் ஒட்டாமல் தனியாகக் கேட்டது. கலந்தர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "வெளியேர்ந்து வர்ற சத்தத்தையும் இது தடுக்காது, உள்ளேர்ந்து போறதையும் தடுக்காது. உள்ள சத்தம் செவுத்துல பட்டுத் திரும்பாம பாத்துக்கும், அவ்வளவுதான். மேல போத்துற துணிய மட்டும் வாய வச்சு ஊதிப் பாத்து எடு. காத்து அந்தாண்ட போனாத்தான் சத்தமும் போவும்."

வீட்டுக்கு வந்து பீரோவைக் கவிழ்த்து ஒவ்வொரு துணியாக ஊதிப் பார்த்தாள். புடவை எதுவும் தேறவில்லை. கட்டிக் கட்டி நைந்த மேடை வேட்டிகள்தான் காற்றை விட்டன. நெல் மூட்டை அடுக்கும் உள்ளறையில் சட்டம் அடித்து, நார் வைத்து, பஞ்சு வைத்து, அந்த வேட்டிகளைப் போர்த்தினார்கள். ஒரு சுவரில் இந்தக் கட்சிக் கரை, எதிர்ச் சுவரில் அந்தக் கட்சிக் கரை. துரைக்கண்ணு நடுவில் நின்று பார்த்துவிட்டு, "கூட்டணி அமைஞ்சிருச்சுடி" என்று சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டது அதுதான் கடைசி.

அறுவடை மிஷின்காரர்கள் சாப்பாட்டுக்கு நிறுத்தும் நேரம் பார்த்துப் பதிவு நடந்தது. ரெத்தினம் அனுப்பிய வாக்கியங்களை அவர் படிக்கவேண்டும். 'எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்.' 'இன்று வானிலை இதமாக இருக்கிறது.'

"வானிலையா? எந்தப் புண்ணியவான் எழுதுனது? நான் பொறந்ததுலேர்ந்து இப்புடிப் பேசுனதில்லடி" என்றார். பிறகு வேட்டிச் சுவரைத் தடவிப் பார்த்தார். "பேசுறது எனக்கே திரும்பி வரமாட்டேங்குது வல்லி. யாரோ வாங்கி இடுப்புல சொருவிக்கிற மாதிரி இருக்கு."

"நல்லதுதாங்க. அப்புடித்தான் இருக்கணுமாம்."

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. தாளைத் தூக்கிப் போட்டார். "இப்பப் பதிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டு, வரப்பில் நிற்பதுபோல் காலை அகட்டி நின்று, ஒரு கத்துக் கத்தினார். "ஏய்ய்! எவன்டா அது? எடுறா கல்ல!" பஞ்சும் நாரும் என்ன செய்யும் பாவம்! தெருக்கோடி நாய் குரைத்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வெகுநேரம் இருமினார்.

அதையும் சேர்த்துத்தான் அனுப்பினாள். ரெத்தினம் உடனே கூப்பிட்டான்.

"அது உடைஞ்சு உடைஞ்சு கேக்குதும்மா. அதச் சேத்தா மத்ததும் கெட்டுப்போயிரும். நான் அழிச்சிட்டேன், நீயும் அழிச்சிடு. அப்பாவ மெதுவா, ஒரே சீராப் பேசச் சொல்லு."

படித்த பிள்ளை சொல்கிறான், அப்பாவின் நல்லதுக்குத்தானே சொல்கிறான். அழித்தாள். இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று போனின் குப்பைப் பெட்டிக்குப் போனதையும் தேடி அழித்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து போனில் அவர் முதலில் எழுதியது 'வல்லி' என்றுதான். போன் அவர் குரலில், கரகரப்புகூட இல்லாமல், "வல்லி" என்றது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கலந்தர் வந்து கேட்டுவிட்டு, "மாப்ளேதான், மாப்ளேயேதான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு ஊரையே ஜெயித்துவிட்டாற்போல் இருந்தது.

பங்குனியில், உளுந்து காய் பிடித்து நிற்கும் நேரத்தில், சாலைக்கு நிலம் எடுக்கிறவர்கள் மறுபடி வந்துவிட்டார்கள். இந்தத் தடவை ஜேசிபியும் ஒரு வண்டிக் கல்லும் கூடவே வந்தன. ஊர் வரப்பில் கூடிவிட்டது. கூடி என்ன? எல்லோரும் பழக்கதோஷத்தில் துரைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எழுதினார். எழுதி முடிப்பதற்குள் ஜேசிபி உளுந்துக்குள் இறங்கிவிட்டது.

"ஏய், எவன்டா அது, எடுறா கல்லை" என்றது போன். வார்த்தை அவருடையதுதான், குரலும் அவருடையதுதான். ஆனால் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிற தணிவு. ஜேசிபிக்காரன் திரும்பவில்லை. அவர் சத்தத்தைக் கூட்டி மறுபடி வைத்தார். அதே தணிவு, கொஞ்சம் பெரிதாக. அளவுச் சங்கிலி பிடித்திருந்தவர்களில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "பெரியவரு என்னமோ ரேடியோ வச்சிருக்காரு" என்றான்.

ஆனந்தவல்லி கத்தினாள். "நிறுத்துங்கய்யா! பயிரு நிக்கிறது கண்ணுக்குத் தெரியல?" அவள் கத்தி யார் என்றைக்கு நின்றிருக்கிறார்கள்? பின்னால் நின்றவர்கள் வெயில் ஏறுகிறது என்று ஒவ்வொருவராக நழுவினார்கள்.

துரைக்கண்ணு அவள் பக்கம் திரும்பினார். எழுதினார். போன் மிகவும் மரியாதையாகப் பேசியது. "வல்லி, அன்னைக்குக் கத்துனேனே. அதை வை."

"இல்லீங்க" என்றாள். "ரெத்தினம் அழிக்கச் சொன்னான். அழிச்சிட்டேங்க."

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டுவதற்கும் எழுதத்தானே வேண்டும்! அவர் எழுதவில்லை. கல்லை நட்டு மண்ணைத் தள்ளி மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

போனைத் தண்ணீர்க்குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவிடுக்கில் பார்த்தாள். இரண்டு கரை வேட்டிகளுக்கும் நடுவில், காலை அகட்டிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் முழுசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

ஆனந்தவல்லி கதவில் காதை வைத்தாள். உள்ளேயிருந்து வரும் சத்தத்தை இந்த அறை தடுக்காது என்று கலந்தர் அத்தனை தடவை சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காதை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.