பன்னிரண்டரை மணி ஊசி

முப்பது வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவருக்குத் தூரமும் நேரமும் விரல் நுனியில். அப்பேர்ப்பட்டவர் விமானச் சீட்டைப் பார்த்தார்: காலை ஏழுக்குப் புறப்பாடு, பகல் பன்னிரண்டுக்கு வருகை. "அஞ்சே மணி நேரம்! அதுக்குள்ள நம்ம வண்டி மாநிலத்தைக்கூடத் தாண்டியிருக்காது" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் கிளம்பினார். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டது. மனைவி முன்பே போய்விட்டாள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். போன வருடம் அலட்சியமாக விட்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தார். அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டரைக்கு டாணென்று மகள் அழைப்பாள்.

"ஊசி போட்டாச்சாப்பா?"

"உனக்கு வேற வேலை வெட்டி இல்லையா?" என்று இவர் எரிந்து விழுவார். இன்று இறங்கியதும் அவள் கண்ணெதிரிலேயே போட்டுக் காட்டிவிடலாம் என்று ஊசியைப் பெரிய பெட்டிக்குள் வைத்திருந்தார்.

விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்ட பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார். "எவ்வளவு தூரம்மா?"

"பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் சார்."

ஐந்தால் வகுத்தார். மணிக்கு இரண்டாயிரத்து நானூறு! ஓட்டுநர் மூளைக்குச் சுருக்கென்றது.

"இது என்ன வேகத்துல போகும்?"

"எண்ணூறுக்கு மேல போகும் சார்."

"அப்ப பதினாலு மணி நேரத்துக்குக் குறையாதே! அஞ்சுன்னு போட்டிருக்கீங்க?"

"பதினாலரை மணி நேரம் சார். இறங்குற நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி போட்டிருக்கு."

பெட்டி நகரத் தொடங்கியிருந்தது. "நிறுத்தும்மா!" என்று பாய்ந்து பிடித்தார். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். முறைத்தால் முறைக்கட்டும். ஊசிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

கைக்கடிகாரத்தை அவர் மாற்றவில்லை. அது பன்னிரண்டரை காட்டியதும், நடுவானில், சட்டையை விலக்கி வயிற்றில் போட்டுக்கொண்டார். சாப்பாடு கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் சும்மாதான் கேட்டார்.

"நாம போற ஊர்ல இப்ப மணி என்னம்மா?"

"விடியக்காலை மூணு சார்."

இதற்கு வகுத்தல் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வருடமாக, வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிற இந்த நாட்களிலும், அவரை அழைக்க மகள் மூன்று மணிக்கு எழுந்திருக்கிறாள். அவளைப் பார்த்தா வேலை வெட்டி இல்லையா என்று கேட்டார்? சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். ஆனால் ஊசி போட்டாயிற்று, சாப்பிடாமல் இருக்கக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வெளியே வந்ததும் மகள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முதல் கேள்வி அதேதான்.

"ஊசி போட்டாச்சாப்பா?"

"போட்டாச்சு. உன் மூணு மணிக்கு."

அவள் திருதிருவென்று விழித்தாள். "யாருப்பா சொன்னா?"

"யார் சொல்லணும்? முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான், எனக்குக் கணக்கு தெரியாதா?" என்று மிடுக்காகத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்தது. "ஊர் திரும்பினதும் நான் ஊசி போட்டுட்டு, நீ எந்திரிக்கிற நேரம் பார்த்து நானே கூப்பிடுறேன். நீ தூங்கும்மா."