பாதிப் பாட்டில் நின்றவள்

லிப்ட் மெக்கானிக்கின் மனைவி ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டால் தரையை விட்டு மேலே எழும்புவாள். கல்யாணமான புதிதில் அவனுக்குத் திகைப்பாகத்தான் இருந்தது, பிறகு பழகிவிட்டது. பல்லவியில் குதிகால் கிளம்பும், முதல் சரணத்தில் மேசை உயரம், அடுத்து வரும் புல்லாங்குழலில் தலை கூரையைத் தொடும். பாட்டு தணியத் தணிய அவளும் இறங்கி, கடைசித் தாளத்தோடு பாதம் தரையில் படும். தான் பழுது பார்த்த எந்த லிப்டும் இவ்வளவு குலுங்காமல் வந்து நின்றதில்லை என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

அவளுக்கு ஒரே மனக்குறை, அந்தப் பாட்டு அவர்களுடையது இல்லை என்பது. அவன் சந்தாக்காரன். சின்ன வயதில் வீடு மாறும்போதெல்லாம் அப்பாவின் கேசட் பெட்டிகளைச் சுமந்து தோள் காய்த்துப்போனவன். இனி பாட்டு என்று எதையும் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்திருந்தான். மாதாமாதம் கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் சட்டைப்பையில் இருக்கும் என்பது அவன் கட்சி. "உலகத்துப் பாட்டு யாருக்கு வேணும்? அந்த ஒண்ண மட்டும் வாங்கிப் போடுங்களேன்" என்பாள். "வாங்கிப் போட அது என்ன பீரோவா?" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கூரையோரம் நின்று திரைச்சீலையை மாட்டிக்கொண்டிருந்தபோது பாட்டு சட்டென்று நின்றது. இந்தப் பாடல் இனி கிடைக்காது என்று போனில் ஒரு வரி வந்தது. அவள் இறங்கவில்லை. சந்தா கம்பெனிக்குப் போன் போட்டான். அதே மாதிரி பாட்டுகள் நிறைய இருப்பதாக அங்கிருந்த பெண் அன்பாகச் சொன்னாள். போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுக்கு அவள் பக்கவாட்டில் சுற்றினாள், மற்றவற்றுக்குத் தலைவலி வந்தது. அவளுடைய அண்ணன் ஓடி வந்து காலைப் பிடித்து இழுத்தார். தன் செருப்பும் தரையை விட்டுக் கிளம்பியதும் பதறிப்போய் விட்டுவிட்டார்.

அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. பஸ் டிக்கெட் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போன் எடுக்கும் வேலை அவளுக்கு. மேலே சிக்னல் நன்றாக இருந்ததால், குரல் தெளிவாகக் கேட்பதாகப் பயணிகள் பாராட்டினார்கள். பேன் இறக்கைகளைத் துடைத்தாள், ஒட்டடை அடித்தாள். அவன் ஏணியில் ஏறிச் சாப்பாடு கொடுத்தான். அவளுக்குத் துணையாக, வீட்டுக்காரர் விட்டுப்போன பீரோவின் மேல் படுத்துக்கொண்டான். ஆனால் ஒரு மாலை வேலை முடிந்து வரும்போது, தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தான். மறந்து திறந்து வைத்த பால்கனிக் கதவுக்கு வெளியே அவள் துப்பட்டா பறந்துகொண்டிருந்தது. அவளும் பாதி வெளியே வந்து நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். படிகளை எப்படி ஏறினான் என்றே அவனுக்குத் தெரியாது. "காத்து நல்லா இருந்துச்சு" என்றாள் அவள்.

அன்றே அவளுடைய அண்ணனை உட்கார வைத்துத் தேடச் சொன்னான். பாட்டுக்கு இசையமைத்தவர் சந்தா கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு, தன் பாட்டுகளைத் தானே விற்றுக்கொண்டிருந்தார். அவன் வாங்கினான். அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. "மாப்ளே, இருங்க! இவ ஏற்கெனவே கூரையில இருக்கா. முதல்லேருந்து போட்டா மாடி வீட்டுக்குல்ல போயிடுவா?"

இசையமைத்தவருக்கே போன் செய்தார்கள். அவர் ஆச்சரியப்படவில்லை. "நடுவுல விட்டா எப்படித் தம்பி எறங்குவாங்க? நின்ன எடத்துலேருந்து போடுங்க" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

"புல்லாங்குழல்காரர் மூச்சு இழுத்தாரு, அங்கதான்" என்றாள் அவள் மேலேயிருந்து. லிப்டின் தளத்தை வாசலோடு சரிமட்டமாக நிறுத்துகிற கவனத்தோடு, அவன் திரையிலிருந்த புள்ளியைக் கட்டைவிரலால் நகர்த்தினான். மூச்சு கேட்டது, குழல் தொடர்ந்தது. அவள் மெல்ல இறங்கிப் பாயில் நின்றாள். அவன் அவள் கையை விடவேயில்லை.

"இன்னொரு தடவ போடுங்க. முதல்லேருந்து" என்றாள்.

அந்தப் பாட்டு இப்போது இரண்டு போனிலும் கம்ப்யூட்டரிலும் அண்ணன் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் சந்தாவையும் அவர்கள் விடவில்லை, ஏனென்றால் மறு வருஷம் மகள் பிறந்தாள். அவளுக்கு எந்தப் பாட்டு என்று தெரிய வேண்டுமே. இருக்கிற பாட்டையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். குழந்தை கொட்டாவி விட்டது. அவள் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு மாதம் சந்தா கட்ட மறந்துபோக, இரண்டு பாட்டுக்கு நடுவே தரை துடைக்கும் திரவத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. குழந்தை கைகொட்டிச் சிரித்துக்கொண்டே கிளம்பி, அப்பாவின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

அதற்குப் பிறகு அவர்கள் சந்தா கட்டவில்லை. விளம்பரம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்துபோய்ப் பால்கனிக் கதவைச் சாத்துகிறார்கள்.