குளிரில் தூங்கிய பீர்

உருளைக்கிழங்கு ஒன்று கை நழுவி, சமையலறை மேஜைக்கு அடியில் உருண்டது. அதை எடுக்க ரடனா குனிந்த நேரத்தில்தான் முதல் பாட்டில் வெடித்தது.

வெடித்தது என்று அவளுக்கு உடனே புரியவில்லை. யாரோ காதைச் சேர்த்து அறைந்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு நிசப்தம். அதற்குள் ஏதோ சொட்டுகிற சத்தம். எழுந்து பார்த்தால் கூரையிலிருந்து பீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற பாட்டில்களில் ஒன்றைக் காணோம். அது இருந்த இடத்தில் கொஞ்சம் ஈரமும், வளைந்த கம்பியோடு ஒரு பீங்கான் மூடியும் கிடந்தன. எதிரே அலமாரிக் கதவில், அவள் நிமிர்ந்து நின்றிருந்தால் முகம் எங்கே இருந்திருக்குமோ அதே உயரத்தில், பழுப்புக் கண்ணாடிச் சில்லு ஒன்று கத்தி செருகினது போல நின்றது.

அந்தச் சில்லை அவள் வெகுநேரம் பார்த்தாள். பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. தன் கையால் ஆசை ஆசையாகக் காய்ச்சிய முதல் பீர் தன்னைக் கொல்லப் பார்த்தது என்பதை மனசு ஏற்க மறுத்தது. மிச்சப் பாட்டில்கள் சாதுவாக நின்றன. ஒன்றுக்கொன்று ஏதோ சொல்லிக்கொள்வது போல மெல்லிய கீச்சொலி கேட்டது. அது கேட்டதும்தான் கால்கள் தாமாகப் பின்வாங்கின. வெளியே வந்து கதவைச் சாத்தி, ஹினெக்கைத் தொலைபேசியில் அழைத்தாள்.

ஹினெக், ப்ரெரோவ் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே பீர் காய்ச்சும் சாமான்கள் விற்கிறவன். வாளி, மால்ட் என்கிற முளைகட்டிய தானியம், நொதிக்க வைக்கும் ஈஸ்ட் எல்லாம் அவன் கடையில் வாங்கியவைதான்.

"ஹினெக், என் பீர் வெடிச்சிருச்சு."

"முதல் பீர் எல்லாருக்கும் கொஞ்சம் பொங்கத்தான் செய்யும், மகாராணி. தரையைத் துடைச்சுட்டு ஒரு டம்ளர் குடி."

"அலமாரிக் கதவுல கண்ணாடி குத்தி நிக்குது."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. அதன் பிறகு அவன் கேள்விகளாகக் கேட்டான். பீர் நொதிக்கும்போது வாளியை எங்கே வைத்திருந்தாய் என்றான். கட்டடத்தின் நிலவறையில், வேறெங்கே வைப்பார்கள் என்றாள் அவள். அங்கே எவ்வளவு குளிர் என்று கேட்டான். பூட்டைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு என்றாள். அவன் முனகினான். ஈஸ்ட் பொட்டலத்தில் கதகதப்பான அறை வேண்டும் என்று போட்டிருந்ததே, படிக்கவில்லையா?

படித்திருந்தாள். ஆனால் அது வெளிநாட்டுக்காரர்களுக்காக அச்சடித்தது என்று நினைத்துவிட்டாள். இந்த ஊரில் பீர் குளிரில் பிறக்கிறது, குளிரில் வளர்கிறது, குளிராகவே தொண்டையில் இறங்குகிறது. வாளி நிறையப் பீரை ஹீட்டர் ஓடும் அறையில் வைப்பது, பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு ஊருக்குப் போவது போலத்தான் அவளுக்குத் தோன்றியது. இது வேறு இனத்து ஈஸ்ட், கதகதப்பு இருந்தால்தான் வேலை செய்யும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"முதல்ல நல்லா குமிழி விட்டுச்சு ஹினெக். அப்புறம் நின்னுபோச்சு. வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"முடியலம்மா, தூங்கிருச்சு. குமிழியைக் கேட்டா பொய் சொல்லும். சர்க்கரையைக் கேட்டிருக்கணும். சர்க்கரை எவ்வளவு மிச்சம்னு காட்டுற அந்தக் கண்ணாடி மிதவையைப் போட்டு அளந்தியா?"

மிதவை இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அதைக் காய்ச்சல் பார்க்கும் கருவி என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டாள். நுனி நாக்கில் ருசி பார்த்தபோது தித்தித்தது உண்மைதான். போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டாள். அது போதாதென்று, நுரைக்காக ஒவ்வொரு பாட்டிலிலும் சர்க்கரை வேறு போட்டு இறுக மூடினாள். திங்கட்கிழமை, கிறிஸ்துமஸுக்காக எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து, இடமில்லாமல் ஹீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"பசியோட தூங்கினவனைத் தட்டி எழுப்பி, முன்னால பந்தி விரிச்சிருக்கே. இனி அது நிக்காது, மூடின பாட்டிலுக்குள்ள வாயு ஏறிக்கிட்டே போகும். ஜன்னலைத் திற, ஹீட்டரை அணை, கதவைச் சாத்திட்டு வீட்டைவிட்டு வெளிய போ. ஒரு பாட்டிலையும் தொடாதே. காலையில நான் கையுறையோட வர்றேன்," என்றான். பிறகு, ஏதோ நினைவு வந்தவன் போல, "யாருக்காவது குடுத்தியா?" என்றான்.

கொடுத்திருந்தாள். ஒரே ஒருவருக்கு.

அவள் அப்பா அலோய்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரயில்வேக்காரர்கள் குடியிருப்பில் தனியாக இருந்தார். ரடனா தன் கணவன் ஓட்டகரை விட்டு வெளியேறிய நாளிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. ஓட்டகரும் அவரும் சேர்ந்து ஹாக்கி பார்ப்பார்கள். மருமகன் என்பதைவிடச் சிநேகிதன் என்பதே பொருந்தும். அவன் உனக்கு என்ன குறை வைத்தான் என்று அவர் கேட்டார். அதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் இல்லாததால் அவள் சும்மா இருந்தாள். அந்த மௌனம் இரண்டாவது கிறிஸ்துமஸ்வரை வந்துவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம், அழைப்பு மணியை அடிக்கத் தைரியம் இல்லாமல், ஒரு பாட்டிலைத் துணிப் பையில் போட்டு அவர் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்திருந்தாள். நானே காய்ச்சினது என்று ஒரு அட்டை மட்டும் அதோடு. பதில் ஒன்றும் வரவில்லை.

ஜன்னலைத் திறந்து ஹீட்டரை அணைத்தாள். படியிறங்கிக்கொண்டே அப்பாவின் எண்ணை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். அவள் பெயரைத் திரையில் பார்த்தால் அவர் எடுக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். எடுக்க முடியாத நிலையில் கிடக்கிறாரா என்பது தெரியாது.

பெச்வா ஆற்றுப் பாலத்தின் மேல் ஓடினாள். தெருவோரத் தொட்டிகளில் கிறிஸ்துமஸ் விருந்துக்காக உயிரோடு விற்கும் கெண்டை மீனை வாங்க வரிசையில் நின்றவர்கள், செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடும் இந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் சமையலறைதான் கண்ணுக்குள் நின்றது. எப்போதும் வெந்நீர்க் குழாய் சூட்டில் வேகிற அந்தச் சின்ன அறை. மேஜையில் மூக்குக் கண்ணாடி, பத்திரிகை. அதற்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில். குடிக்கவும் மாட்டார், எடுத்து வைக்கவும் மாட்டார், எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பார்.

கடவுளே, அவர் அதைக் குப்பையில் போட்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கோபத்தில் படியிலேயே உடைத்திருக்கட்டும். யாராவது குடிகாரனுக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கட்டும், வேண்டாம், அதுவும் வேண்டாம். தான் கொடுத்ததை அப்பா வெறுத்து ஒதுக்கியிருக்க வேண்டும் என்று ஒரு மகள் தெருவில் ஓடிக்கொண்டே வேண்டுகிறாள்.

கதவை இரண்டு கைகளாலும் இடித்தாள். உள்ளே நடமாட்டம் கேட்டது. சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, ஈரக் கையோடு அப்பா கதவைத் திறந்தார். முழுசாக இருந்தார். கண், மூக்கு, கை எல்லாம் அதனதன் இடத்தில். ரடனா ஒன்றும் சொல்லாமல் அவரைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மேஜையில் இல்லை. ஜன்னல் திட்டில் இல்லை.

"பாட்டில் எங்கப்பா?"

அவர் முகம் சிவந்தது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கவா வந்தே?"

"தூக்கி எறிஞ்சுட்டீங்களா? எறிஞ்சுட்டேன்னு சொல்லுங்கப்பா. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் குரலில் இருந்த கெஞ்சலை அவரால் எதோடும் பொருத்திப் பார்க்க முடியவில்லை. பிறகு திரும்பி நடந்து குளியலறைக் கதவைத் தள்ளினார். பண்டிகைக்குச் சமைக்கும்வரை உயிரோடு விட்டிருந்த கெண்டை, குளியல் தொட்டியில் மந்தமாக வட்டமிட்டது. அதற்குக் கீழே, தண்ணீருக்குள் தொட்டியின் தரையில், ரடனாவின் பாட்டில் படுத்துக் கிடந்தது.

"மீனுக்குக் குளிர்ந்த தண்ணி வேணும், பீருக்கும் வேணும். ரெண்டு வேளையும் மாத்தறேன்," என்றார், யாரோ குற்றம் சாட்டினது போல. "இருபத்துநாலாம் தேதி கிறிஸ்துமஸ் விருந்துல திறக்கலாம்னு வெச்சேன். தனியா குடிக்கிற சாமானா அது?"

ரடனா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நடைக்குக் கொண்டுவந்தாள். அலமாரிக் கதவையும் சில்லையும் பற்றி மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் பாதி நம்பினார். மீனை ஒரு வாளிக்கு மாற்றினார்கள். அவர் தன் பழைய ரயில்வே தோல் கையுறைகளை எடுத்துவந்தார், அவள் பிடுங்கிக்கொண்டாள். கம்பளிக் கோட்டை முன்பக்கம் முழுக்க மறையும்படி திருப்பிப் போட்டு, துண்டை நனைத்துத் தண்ணீருக்குள்ளேயே பாட்டிலைச் சுற்றினாள். கதவுக்கு அந்தப் பக்கம் போங்கள் என்றால் அவர் போகவில்லை. மூடியின் கம்பியை மெல்ல நெம்பினாள். துண்டுக்குள் ஒரு சீற்றம். சீற்றம் நீண்டது, நீண்டுகொண்டே போனது. நுரை துண்டைத் தூக்கிக்கொண்டு எழும்பி, அவள் கழுத்துவரை நனைத்து, தொட்டியில் வழிந்து ஓய்ந்தது. அடியில் ஒரு வாய் மிஞ்சியது. அலோய்ஸ் அதை ஊற்றி ருசி பார்த்தார்.

"இது பீர் இல்ல. ஜாமுக்குக் காய்ச்சின சர்க்கரைத் தண்ணி."

ரடனா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று இருவருக்கும் தெரியாது. தன் வீட்டுச் சமையலறையில் வராத பயம் முழுவதும் இப்போது வந்தது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாத அப்பா, அவள் தலையைத் துவட்டலாம் என்று வேறொரு துண்டை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

அவள் முடிக்குள், காதுக்குச் சற்று மேலே, ஏதோ மின்னியது. மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தார். நகத்தளவு பழுப்புச் சில்லு. எடுத்தார். பக்கத்திலேயே இன்னொன்று. பின்னங்கழுத்தில் இன்னொன்று, அதன் முனையில் ஒரு துளி ரத்தம். வாழ்நாளெல்லாம் ரயில் பெட்டிகளை இணைத்த விரல்கள், அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் துண்டின் மேல் வைத்தன. அவள் சொன்ன கதையில் பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"மத்த பாட்டிலெல்லாம்?"

"சமையல்கட்டுல நிக்குது. காலையில ஹினெக் வருவான்."

"அவன் வரட்டும், என்னவோ செய்யட்டும்." குரல் உடைந்தது, கோபம் போல அதைச் சரிசெய்துகொண்டார். "நீ அங்க காலை வைக்கக் கூடாது. பண்டிகை முடியற வரைக்கும் இங்க இரு. அதுக்கப்புறமும் எதுவும் அவசரமில்லை."

அவள் தலையசைத்தாள். அசைக்காதே என்று அதட்டிவிட்டு, அவர் விளக்கைப் போட்டு, முடியை இழை இழையாக விலக்கித் தேடிக்கொண்டே இருந்தார்.