தப்புக்குக் கைதட்டின லைன்

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். பெருமைக்குச் சொல்லல, மேனாம்பேட்டுல எங்க தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. தண்ணி லாரிக்காரன்கூட எங்க ஊட்டு முன்னாடி ஹாரன் அடிக்க மாட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டுல ரப்பர் கம்பெனியில பதினெட்டு வருஷமா கீறேன். சும்மா ஹெல்ப்பரா சேந்தவ லைன் சூப்பர்வைசரா ஆனதே இந்த வாயாலதான்னு நெனச்சிகினு இருந்தேன். வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

எங்க லைன்ல ரப்பரை சூட்டுல அழுத்தற ஆறு பிரஸ் மிஷினு, பதினாறு பொம்பளைங்க. எஞ்சின்ல ஆயில் ஒழுகாம இருக்க ஒரு கறுப்பு ரப்பர் வளையம் போடுவாங்களே, அதுதான் எங்க சரக்கு. சூடான மோல்டு அச்சுலேர்ந்து வளையத்தை எடுத்து, வெளிச்சத்துல சுத்திப் பாத்து, ஓரம் கிழிஞ்சிருந்தா செவப்பு டப்பாவுல போடணும். அப்படிப் போட்டவ பேரை நான் செவப்பு சாக்பீஸால போர்டுல எழுதுவேன். எழுதறதோட வுட மாட்டேன். கண்ணு எங்க கீது, ஊட்ல குழம்பு கொதிக்கற நெனப்பான்னு பதினாறு பேர் முன்னாடி கிழிகிழின்னு கிழிப்பேன். தெனமும் ரெண்டு பேரு, மிஞ்சிப்போனா மூணு பேரு பேருதான் போர்டுல ஏறும். பயம் இருந்தாதான் வேலை நடக்கும்னு என்னை நானே மெச்சிக்குவேன்.

ஆனா சரக்கு வாங்கற கம்பெனிலேர்ந்து ரெண்டு வாட்டி லோடு திரும்பி வந்துச்சு. நல்ல பெட்டிக்குள்ள கிழிஞ்ச வளையம். மேனேஜர் எத்திராஜ் சார் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு சொன்னாரு. அடுத்த மாசம் இருபத்தெட்டாம் தேதி அவங்க இன்ஸ்பெக்டரம்மா நேர்ல வர்றாங்களாம். அன்னிக்கும் சரியில்லன்னா ஆர்டர் போயிடும், லைனை மூட வேண்டியதுதான், பதினாறு பேரும் ஊட்டுக்குப் போவணும், கூட நீயும்தான்னாரு. பயந்தா எனக்கு அழுகை வராது, சத்தம்தான் வரும். அந்த வாரம் பூரா நான் போட்ட சத்தத்துல பிரஸ் ஓடற சத்தமே கேக்கல.

அப்போதான் ரம்ஜான் வந்துச்சு. நாலாம் நம்பர் பிரஸ்ல வேலை பாக்கற ஜுலைகா வருஷா வருஷம் லைன்ல எல்லாரையும் பூந்தமல்லியில கீற அவ ஊட்டுக்கு பிரியாணிக்குக் கூப்பிடுவா. மத்தவளுங்க மதியமே போயி சாப்ட்டு வந்துட்டாளுங்க. நான் ஊட்டு வேலையை முடிச்சிட்டு சாயங்காலம் தனியா போனேன். பாய் விரிச்சி, தட்டுல பிரியாணியை மலையா குவிச்சி வெச்சா. மொதல் வாய் வெச்சிகினு நிமிந்து பாக்கறேன், சமையக்கட்டு வாசல்ல ஒரு திரை தொங்குது. மேலேர்ந்து கீழ வரைக்கும் சரம் சரமா கறுப்பு வளையம், நடுநடுவுல பச்சையும் செவப்புமா கண்ணாடி மணி.

அழகா கீதே, எங்க வாங்கினன்னு கேட்டேன். நான் வர்றதுக்குள்ள கழட்டி வைக்க மறந்துட்டா போல, ஜுலைகா மூஞ்சியில ஈயாடல. எனக்கும் அப்போதான் உறைச்சிது. பதினெட்டு வருஷமா கையில உருட்டற சாமான், எனக்குத் தெரியாதா?

"அக்கா, பிரியாணியை சாப்ட்டு முடிச்சிட்டு திட்டுங்கக்கா. தட்டுல கை வெச்சவங்க பாதியில எந்திரிச்சா என் மனசு தாங்காது."

அவ அப்படிச் சொன்னதுல எனக்கு எந்திரிக்கவும் முடியல, கத்தவும் முடியல, வாய் நெறைய கறி. சாப்ட்டுகினே கேட்டேன். ஒண்ணு விடாம சொன்னா. பெருசா கிழிஞ்சதை டிபன் பையில போட்டுகினு ஊட்டுக்கு எடுத்தாந்துருவாங்களாம். சின்னதா கிழிஞ்சதை நல்ல பெட்டிக்குள்ளயே அமுக்கிடுவாங்களாம். இவ மட்டும் இல்ல, பதினாறு பேரும். அப்போ செவப்பு டப்பாவுல தெனமும் ரெண்டு மூணு வுழுதே, அது எப்படின்னேன். ஜுலைகா தலையைக் குனிஞ்சிகினா.

"ஒண்ணுமே வுழலன்னா உங்களுக்கு சந்தேகம் வரும்ல. அதான் மொறை வெச்சிருக்கோம். திங்கக்கெழமை நானும் வடிவும்."

மொறை வெச்சிகினு என்கிட்ட திட்டு வாங்கியிருக்காளுங்க, கோயில் உபயம் மாதிரி. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல, சிரிப்பு பொத்துகினு வந்துச்சு. புரை ஏறி, கண்ணுல தண்ணி வந்து, அவ என் தலையில தட்ட, அவளும் சிரிக்க ஆரம்பிச்சிட்டா. ஏழு வருஷமா பக்கத்துல நின்னு வேலை பாக்கறோம், நாங்க ரெண்டு பேரும் சேந்து சிரிச்சது அன்னிக்குத்தான். திரும்பி வர்ற பஸ்ல அந்தச் சிரிப்பே அழுகையா மாறிடுச்சு. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சது அவளுங்க இல்ல, மறைக்க வெச்சது என் வாயி. லைனை மூடற நெலைமைக்குக் கொண்டாந்தது நான்தான்.

மறுநாள் காலையில மொத வேலையா போர்டை ஈரத்துணியால தொடச்சேன். எல்லாரையும் நிக்க வெச்சேன். திட்டத்தான் போறேன்னு தோளைக் குறுக்கிகினு நின்னாளுங்க.

"போன லோடுல கடைசி ரெண்டு பெட்டியை நான் தொறந்தே பாக்கல. பஸ்ஸைப் புடிக்கற அவசரத்துல கையெழுத்து போட்டுட்டேன். தப்பு என்னுது."

சொல்லிட்டு நின்னேன். அப்புறம் ஜுலைகா ரெண்டு கையையும் தட்டினா. ஏன்டி தட்டினன்னு பின்னாடி கேட்டதுக்கு, கையை இன்னா பண்றதுன்னு தெரியலக்கான்னா. அவளைப் பாத்து இன்னொருத்தி, அப்புறம் எல்லாரும் தட்டினாளுங்க. திருட்டு மூட்டையை எறக்கி வெச்ச மாதிரி எனக்கு மனசு லேசாச்சு.

அன்னிலேர்ந்து அதுதான் எங்க சட்டம். தப்பைக் கொண்டாந்து காட்டறவளுக்குக் கைதட்டு. தெனமும் காலையில எல்லாரும் நின்னு தப்பைச் சொல்லிட்டுதான் பிரஸ்ஸைப் போடணும். கிழிஞ்ச வளையம் எந்த பிரஸ்ல வந்துச்சோ, அதுக்கு மேல ஒரு கயிறு கட்டி அதுல கோக்கணும். மொத நாளே அறுபத்தியொண்ணு வுழுந்துச்சு. எத்திராஜ் சார் ஓடியாந்து, இது கம்பெனியா பால்வாடியான்னு கேட்டாரு. பழைய தாட்சாயிணியா இருந்தா அவருக்கும் ரெண்டு வுட்டிருப்பேன். தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். பத்து நாள் குடுங்க சார்னு மட்டும் சொன்னேன்.

பத்து நாள்கூட ஆவல. நாலாவது நாளே நாலாம் நம்பர் பிரஸ் கயிறு தரையைத் தொட்டுடுச்சு. எறக்கிப் பாத்தா, எல்லா வளையமும் ஒரே எடத்துல கிழிஞ்சிருக்கு. மோல்டைக் கழட்டினா ஓரத்துல தலைமுடி அளவுக்கு ஒரு ஒடசல். இத்தனை மாசமா ஜுலைகா கையைத் திட்டிகினு இருந்தேன், குத்தம் இரும்புல இருந்திருக்கு. மோல்டை சரி பண்ணி மாட்டின அன்னிக்கு அவ பிரஸ்ஸைத் தொட்டுக் கும்பிட்டு ஆரம்பிச்சா.

அப்புறம் வாய் தொறக்காதவளுங்க எல்லாம் வாய் தொறந்தாளுங்க. வடிவு ரெண்டு வருஷத்துல மொத வாட்டியா, லைட்டு மேல கீறதால கிழிசல் தெரியல, பக்கவாட்டுல வெச்சிப் பாக்கலாமான்னு கேட்டா. வெச்சோம், பளிச்சின்னு தெரிஞ்சிது. அவளுக்கு ரெண்டு வாட்டி கைதட்டினோம். காலையில வேலைக்கு வர்றப்பவே சிரிச்சிகினு வந்தாளுங்க. லீவு போடறது கொறைஞ்சிது. அறுபத்தியொண்ணு முப்பதாச்சு, முப்பது பன்னெண்டாச்சு, கடைசியில அஞ்சாறுல வந்து நின்னுச்சு. இந்த அஞ்சாறு நெசமான அஞ்சாறு.

இருபத்தெட்டாம் தேதி இன்ஸ்பெக்டரம்மா கிருஷ்ணப்பிரியா வந்தாங்க. முப்பது வயசுகூட இருக்காது, ஆனா பார்வை ஊசி. பெட்டி பெட்டியா கொட்டச் சொல்லி, வளையம் வளையமா சுத்திப் பாத்தாங்க. ஒண்ணுகூட மாட்டல. சரக்கு சரியா கீதுன்னு கடைசிப் பேப்பர்ல கையெழுத்தும் போட்டுட்டாங்க. எத்திராஜ் சார் மூச்சு வுட்டாரு. அந்த நேரம் பாத்து ஜுலைகா கையைத் தூக்கினா.

"மேடம், லாரிக்குப் போற தள்ளுவண்டியில கீற மூணாவது பெட்டிக்கு நேத்து தேதி சீட்டை ஒட்டிட்டேன். இப்போதான் பாத்தேன். தப்பு என்னுது."

சார் நெத்தியில கை வெச்சிகினாரு. யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அப்படியே லாரி ஏறிப் போயிருக்கும். அதுக்குள்ள பழக்க தோஷத்துல வடிவு கைதட்டிட்டா. பதினாறு பேரும் தட்டிட்டாளுங்க, நானும் தட்டிட்டேன். தட்டின அப்புறம்தான் யார் முன்னாடி தட்டறோம்னு ஞாபகம் வந்துச்சு.

கிருஷ்ணப்பிரியா மேடம் என் பக்கம் திரும்பி, தப்பு பண்ணதுக்கா கைதட்டறீங்கன்னு கேட்டாங்க. எனக்கு வாய்ப்பேச்சுக்கு என்னிக்கும் பஞ்சமில்ல, ஆனா அன்னிக்கு நெதானமாதான் சொன்னேன்.

"பண்ணதுக்கு இல்ல மேடம், சொன்னதுக்கு. மறைச்ச தப்பு உங்ககிட்ட வந்து நிக்கும். சொன்ன தப்பு எங்ககிட்டயே நின்னுடும்."

அவங்க நாலாம் நம்பர் பிரஸ் கயித்துகிட்ட போயி ரொம்ப நேரம் நின்னாங்க. ஜுலைகா சீட்டை மாத்தி ஒட்டற வரைக்கும் பாத்துட்டு, சாரோட ரூமுக்குள்ள போனாங்க. அரை மணி நேரம். நாங்க பதினேழு பேரும் வளையத்தைப் பாக்கற மாதிரி கதவையே பாத்துகினு இருந்தோம். வெளிய வந்தவங்க ஜுலைகா கையைப் புடிச்சி குலுக்கிட்டுதான் காருல ஏறினாங்க. ஆர்டர் எங்களுக்கேதான். அது மட்டும் இல்ல, அவங்க புது எஞ்சினுக்குப் போடற வளையமும் எங்க லைனுக்கே, அதுக்கு இன்னும் ரெண்டு பிரஸ் வருதாம். எட்டு பேரை புதுசா சேக்கணும்னு சார் சொன்னப்போ வடிவு அழுதுட்டா.

மறுநாள் காலையில எப்பவும் போல நின்னோம். இன்னிக்கு யாரு மொதல்லன்னு கேட்டேன். பின்னாடிலேர்ந்து எத்திராஜ் சார் முன்னாடி வந்தாரு. சட்டைப் பையிலேர்ந்து நாலா மடிச்ச ஒரு பேப்பரை எடுத்தாரு.

"லைனை மூடி உங்க பதினேழு பேரையும் அனுப்பறதுக்கு போன மாசமே லிஸ்ட் எழுதிட்டேன். உங்களால முடியாதுன்னு முடிவே பண்ணிட்டேன். மொதல் பேரு தாட்சாயிணி. தப்பு என்னுது."

ரெண்டு மாசத்துக்கு முன்னாடின்னா அந்தப் பேப்பரை அவரு மூஞ்சியிலயே கிழிச்சிப் போட்டிருப்பேன். அன்னிக்கு நான்தான் மொதல்ல கைதட்டினேன், உள்ளங்கை எரியற அளவுக்குத் தட்டினேன். பிரஸ்ஸுங்க எல்லாம் ஓடிகினு இருந்திருந்தாலும் அதை மீறி அந்தச் சத்தம் கேட்டிருக்கும். அப்புறம் அவர் கையிலேர்ந்து பேப்பரை வாங்கி, ஓரத்துல ஓட்டை போட்டு, நாலாம் நம்பர் கயித்துல வளையங்களோட சேத்து கோத்துட்டு, ம், பிரஸ்ஸைப் போடுங்கடின்னேன்.